மனநலப் பணியாளர் ஆற்றிய தொண்டும் நம் கடமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா என்பது மகிழும் நாள் மட்டுமன்று. கணக்குப் பார்க்கும் நாளுமாகும். இருபத்தைந்து ஆண்டுகளில் நம் லயங்களிலிருந்து எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேறினர், எத்தனை பேர் கல்லூரி வாயிலை மிதித்தனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்னும் கணக்கைச் செயலாளர் அவர்கள் சற்று முன் படித்தார்கள். நாம் கைதட்டி மகிழ்ந்தோம். மகிழத்தக்க கணக்குத்தான் அது. ஆயினும் நம் பதிவேட்டில் எழுதப்படாத கணக்கு ஒன்று உண்டு. நடுவழியில் மனம் உடைந்து நின்றவர்களின் கணக்கு அது. அதைப் பற்றியும், உடைந்த மனங்களைத் தாங்கிப் பிடிக்கும் பொதுப்பணியில் உழைத்தவர்களைப் பற்றியும் பேசவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

பிறர் குறையைச் சொல்லுமுன் நம் குறையை ஒப்புக்கொள்ளுதல் முறை. பல ஆண்டுகளுக்கு முன் நம் மாலைநேர வகுப்பில் ஒரு மாணவன் படித்தான். அவன் பெயர் இங்கு வேண்டா. அவனுடைய லயத்திலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதற்பிள்ளை அவனே. அவனை வழியனுப்ப ஊரே பேருந்து நிற்குமிடம் வரை வந்தது. இரண்டாம் ஆண்டின் நடுவில், யாருக்கும் சொல்லாமல், ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தான். அதன்பின் அவன் பேசவில்லை, உறங்கவில்லை. யாரோ தன்னைப் பெயர் சொல்லி ஏசுவதாகச் சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

நாம் என்ன செய்தோம்? ‘படிப்பு தலைக்கேறிவிட்டது’ என்றனர் சிலர். ‘திமிர்’ என்றனர் சிலர். அவன் தாய் அரைநாள் கூலியையும் இழந்து கோயில் கோயிலாக அழைத்துச் சென்றாள். நம் சங்கமோ, உதவித்தொகைப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டு, அடுத்த மாணவனுக்கு அத்தொகையை மாற்றிக் கொடுத்தது. தீர்மான நூலில் அது ஒற்றை வரியாக இருக்கின்றது. அவ்வரியை எழுதிய கைகளுள் எங்கள் கையும் ஒன்று என்பதை இவ்வவையில் ஒளிக்காமல் சொல்கின்றோம்.

மூன்றாண்டுகள் கழித்து, அரசு மனநலக் குழுவைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் அந்த லயத்துக்கு வந்தார். வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அந்தத் தாய் கொடுத்த தேநீரைக் குடித்தார். இந்த நாட்டில் நம் வீட்டுத் தேநீரை ஒருவர் தயங்காமல் குடிப்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ‘உங்கள் மகனுக்கு வந்திருப்பது நோய், அவனுடைய குற்றமும் அன்று, உங்களுடைய குற்றமும் அன்று, இதற்கு மருந்து உண்டு’ என்று அவர் சொன்னார். அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்ல நம்மில் ஒருவர்கூட இல்லாமற் போனோம். இன்று அந்த இளைஞர் மருந்து உண்டு, வேலைக்குச் சென்று, தம் தாயைக் காப்பாற்றி வருகின்றார். ஆனால் போன மூன்றாண்டுகளை எவர் திருப்பித் தர முடியும்?

அன்பர்களே! மருத்துவம் நமக்கு அயலான துறையன்று. இதே நீலகிரியில் 1891-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டி, ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்கும் உரிமைக்கும் பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றிய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர். 1845 முதல் 1914 வரை வாழ்ந்த அப்பெருமகனார் நாடி பார்த்த கையாலேயே இதழும் நடத்தினார். இன்று சென்னைத் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நோயைத் தீர்ப்பதும் இழிவைத் தீர்ப்பதும் ஒரே பணியின் இரு பக்கங்கள் என்பதை அவருடைய வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது.

இனி, மனநலப் பணியின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். சென்னையில் 1794-ஆம் ஆண்டிலேயே மனநோயாளர் காப்பகம் ஒன்று தொடங்கப்பட்டது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம் பெயர்ந்தது. 1922-இல் மனநோய் மருத்துவமனை என்றும், 1978-இல் மனநல நிலையம் என்றும் பெயர் மாற்றம் பெற்றது. பெயர் மாறிய கதையே கருத்து மாறிய கதையாகும். முதலில் அடைத்து வைக்கும் இடம். பிறகு மருத்துவம் செய்யும் இடம். பின்னர் நலத்தைக் கற்பிக்கும் இடம். ஆயினும் ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப் பெயரையே ஏளனச் சொல்லாக்கித் திரைப்படத்திலும் தெருவிலும் நாம் சிரித்து வந்திருக்கின்றோம். ஓர் ஊரின் பெயரை, ஒரு குலத்தின் பெயரை வசவாக்கினால் எப்படி வலிக்கும் என்று அறிந்த நாமே அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளலாமா?

அந்த மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை 1961-இல் ஏற்றவர் டாக்டர் சாரதா மேனன். 1923-இல் மங்களூரில் பிறந்த இவர் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். குளோர்ப்ரோமசின் முதலான புதிய மருந்துகள் 1950களில் வந்த பிறகு, மனநோயாளரைச் சங்கிலியின்றி, தனியறையின்றி நடத்த முடியும் என்னும் நம்பிக்கை பிறந்திருந்தது. ஆனால் மருந்து தானாக நடந்து நோயாளியிடம் வருவதில்லை. அதைக் கொண்டு சேர்க்க மனிதர் வேண்டும். 1978 வரை பதினேழு ஆண்டுகள் அப்பெரிய நிறுவனத்தை அவர் நடத்தினார். ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல், 1984-இல் ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1992-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், தம் 98-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

விருது பெற்றவர்களின் பெயரை ஏடுகள் எழுதும். ஆனால் ஒரு மருத்துவமனை மருத்துவரால் மட்டும் நடப்பதில்லை. இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர், குளிக்க மறுத்தவரைக் கெஞ்சிக் குளிப்பாட்டிய உதவியாளர், மலத்தையும் சிறுநீரையும் முகஞ்சுளிக்காமல் அள்ளிய துப்புரவுப் பணியாளர், சமையற்கூடத்தில் வெந்தவர், வாயிற்காவலர் ஆகிய இவர்கள் அனைவருமே மனநலப் பணியாளர்கள்தாம். இவர்களுள் கடைநிலையில் இருந்தவர்கள் யார் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். அருவருக்கத்தக்கதென்று பிறர் தள்ளிய வேலையை நம் மக்கள் செய்தார்கள். அதற்குப் பதக்கம் இல்லை. அவர்களுக்கும் சேர்த்தே இன்று நாம் நன்றி சொல்கின்றோம். அதே வேளையில், கடைநிலையோடு நம் கடமை முடிந்துவிடலாகாது என்பதையும் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொள்கின்றோம்.

நண்பர்களே! நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனை இருந்தால் போதாது என்பதை நாடு மெல்லவே உணர்ந்தது. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 1985 முதல் கருநாடக மாநிலம் பெல்லாரி மாவட்டத்தில் ஒரு சோதனை நடத்தினர். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவருக்கும் கிராமப் பணியாளருக்கும் பயிற்சி கொடுத்து, மனநோய்க்கு ஊரிலேயே மருந்து கிடைக்கச் செய்யலாம் என்று அது காட்டியது. அதன் அடிப்படையில் 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தோன்றியது. தமிழகத்தில் 1997-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அது தொடங்கிற்று.

அதற்குள் ஒரு பெருந்துயரம் நேர்ந்தது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் ஓட முடியாமல் மாண்டனர். இருபத்தெட்டு உயிர்கள் போயின. உற்றார் அவர்களை வெறுத்து அங்கு விட்டதாக எண்ணிவிடலாகாது. அருகில் மருத்துவர் இல்லை. நோயென்று சொல்பவர் இல்லை. தெய்வத்தின் காலடியே புகல் என்று கொண்டுவந்து விட்டார்கள். நம் மலையிலிருந்தும் சமவெளித் தர்காக்களுக்கும் கோயில்களுக்கும் இவ்வாறு எத்தனையோ பேரை அழைத்துச் சென்றிருக்கின்றோம். வேண்டுதலை நாம் குறை கூறவில்லை. வேண்டுதலோடு மருந்தும் வேண்டும்; சங்கிலி மட்டும் வேண்டா என்பதே நம் கருத்து.

அத்துயரத்தின் விளைவாக நீதிமன்றம் தலையிட்டது. திட்டம் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. காலப்போக்கில் நீலகிரிக்கும் வந்தது. மனநல மருத்துவர், உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோர் அடங்கிய ஒரு சிறு குழு, மாவட்டத் தலைநகரில் மட்டும் அமர்ந்திராமல், குறித்த நாட்களில் வட்டார மருத்துவமனைகளுக்குச் செல்வதே இத்திட்டத்தின் உயிர்நாடி. உதகையில் 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் எழுநூறு படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. இது நமக்குப் பெரும்பேறு. ஆனால் பந்தலூர்ப் பக்கத்து லயத்திலிருந்து உதகைக்கு ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்துதான் வர வேண்டும். எனவே கட்டடத்தைவிட, நம்மிடம் நடந்து வரும் பணியாளரே நமக்கு முதன்மையானவர்.

இனி ஒரு வினாவை எழுப்புகின்றோம். நம் மக்களின் மனத்துயருக்கு மருந்து மட்டும் போதுமா? 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு வர வேண்டியவர்கள் என எண்ணப்பட்டனர். அவ்வாறு வந்தவர்களுள் பெரும்பகுதியினர் நம் மக்களே. அவர்கள் பிறந்த மண் இலங்கை மலைநாடு. ‘தாயகம்’ என்று சொல்லப்பட்டதோ அவர்கள் கண்டறியாத நிலம். அண்ணன் அங்கே, தம்பி இங்கே எனக் குடும்பங்கள் பிரிந்தன. அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே அரசு தேயிலைத் தோட்டம் 1968-இல் உருவாயிற்று. வேலை கிடைத்தது, பிரிவுத் துயருக்கு ஆறுதல் சொல்ல எவரும் இல்லை. அட்டையும் குளிரும் கூலிக் குறைவும், ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை விட வேண்டுமே என்னும் அச்சமும் சேர, சாராயமே மருந்தாயிற்று.

2021-ஆம் ஆண்டில் நாட்டில் தற்கொலையால் மாண்ட 1,64,033 பேருள் 42,004 பேர் தினக்கூலித் தொழிலாளர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏடு சொல்கின்றது. நான்கில் ஒருவருக்கும் மேல்! இது மூளையின் நோய் மட்டுமன்று. கூலியின் நோய், இழிவின் நோய், ஆதரவின்மையின் நோயுமாகும். ஆகவே மருந்து கிடைத்துவிட்டதென்று நீதிக்கான போராட்டத்தை விட்டுவிடவும் கூடாது. நீதி வரட்டுமென்று மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது. கால் முறிந்தவன் படிக்கட்டு சரியில்லை என்று வழக்காடலாம். அதற்காகக் கட்டுப்போடாமல் இருக்கலாகாது.

நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 2015–16-இல் தமிழகம் உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் ஆய்வு நடத்தினர். வயது வந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு மனநலக் குறை இருப்பதாகவும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எம்மருத்துவமும் பெறவில்லை என்றும் கண்டனர். அப்படியானால் இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்போருள்ளும் பலர் தனியே அத்துன்பத்தைச் சுமந்துகொண்டிருக்கலாம். அவர்களை நோக்கிச் சொல்கின்றோம்: நீங்கள் தனியாக இல்லை, வெட்கப்படவும் வேண்டியதில்லை.

சட்டமும் இன்று நம் பக்கம் நிற்கின்றது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-ஆம் ஆண்டு மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு நடத்தும் மனநல மருத்துவத்தைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று அது கூறுகின்றது. அவ்வுரிமையைச் சாதியின் பெயராலோ சமயத்தின் பெயராலோ வகுப்பின் பெயராலோ மறுக்கலாகாது என்று சாதியைப் பெயரிட்டே சொல்கின்றது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அரசு நிலையங்களில் கட்டணமில்லை. சங்கிலியிடுதல் எவ்வகையிலும் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடுந்துயரில் இருந்தவராகக் கருத வேண்டும். நாட்பட்ட மனநோயுள்ளோர் மாற்றுத்திறனாளிக்கான சான்று பெறவும் வழியுண்டு. உரிமையை அறியாதவனுக்குச் சட்டம் பூட்டிய பெட்டி. அதன் திறவுகோல் கல்வி. அக்கல்வியைக் கொடுப்பது நம் சங்கத்தின் வேலையல்லவா?

மாணவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சிநேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். தேர்வில் தோற்ற பிள்ளைகளின் துயரை அவ்வமைப்பினர் கண்டனர். ஒரு பாடத்தில் தவறினால் ஓராண்டு வீணாகும் நிலையை மாற்றி, சில வாரங்களிலேயே மறுதேர்வு எழுத வாய்ப்பளிக்க வேண்டுமென்று வலியுறுத்தினர். அம்முறை தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. ஒரு விதியைத் திருத்தினாலே பல உயிர்களைக் காக்கலாம் என்பதற்கு இது சான்று. நம் சங்கமும் ‘தோற்றவனுக்கு உதவித்தொகை இல்லை’ என்னும் தன் விதியைத் திருத்திக்கொள்ள வேண்டாமா?

நம் மலையிலேயே பின்பற்றத்தக்க முன்மாதிரிகள் உள்ளன. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி அமைப்பு 1970களில் தோட்டங்களில் நடத்திய நலத்திட்டத்தில், லயத்தில் வாழும் தொழிலாளருள் ஒருவரையே இணைப்புப் பணியாளராகத் தேர்ந்து, தாய்சேய் நலத்தையும் துப்புரவையும் கற்பித்தனர். வெளியார் சொல்லிக் கேளாததை அடுத்த வீட்டுக்காரி சொன்னால் கேட்டார்கள். கூடலூரில் 1980களின் பிற்பகுதியில் டாக்டர் தேவதாசன், டாக்டர் ரூபா தேவதாசன் ஆகியோர் தொடங்கி வைத்த பணி, 1990-இல் ஆதிவாசி மருத்துவமனையாக மலர்ந்தது. பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடிக் குலங்களின் பெண்பிள்ளைகளே அங்குச் செவிலியராகப் பயிற்சி பெற்றனர். மருத்துவமனை என்றாலே அஞ்சி ஓடிய மக்கள், தம் மொழியில் ‘வா’ என்றழைக்கும் குரலைக் கேட்டு உள்ளே வந்தனர். பெரிய பட்டம் செய்யாததை உற்றவரின் குரல் செய்தது.

இதைவிட நமக்கு வேறு பாடம் வேண்டுமா? நம் மொழியும் நம் வீட்டு வழக்கமும் நம் வலியும் அறிந்த ஒருவர் அந்த மனநலக் குழுவில் இருந்தால், அம்மாணவனுக்கு மூன்றாண்டுகள் வீணாகியிருக்குமா?

எனவே மூன்று வேண்டுகோள்களை இவ்வவையின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, அடுத்த ஆண்டு முதல் நம் சங்கத்தின் உதவித்தொகையில் ஒரு பங்கை மனநலச் செவிலியம், உளவியல், மனநல சமூகப் பணி ஆகியவற்றைப் பயில விரும்பும் மாணவ மாணவியர்க்கென ஒதுக்க வேண்டும். பட்டியல் வகுப்பு மாணவர்க்கு அரசு தரும் உயர்கல்வி உதவித்தொகையோடு இதுவும் சேர்ந்தால், கூலித் தொழிலாளியின் மகளும் இப்படிப்பை முடிக்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு லயத்திலும் இருவரைத் தேர்ந்து, மனநோயின் அடையாளங்களை அறியப் பயிற்சி பெறச் செய்ய வேண்டும். அவர்கள் மருத்துவம் செய்ய வேண்டியதில்லை. உறக்கம் கெட்டவர், பேச்சற்றவர், ‘நான் இருந்து என்ன பயன்’ என்று சொல்பவர் இவர்களைக் கண்டு, அருகில் அமர்ந்து கேட்டு, மருத்துவக் குழு வரும் நாளில் கைப்பிடித்து அழைத்துச் சென்றால் போதும். நள்ளிரவில் துயர் மிகுந்தால் 14416 என்னும் அரசு மனநல உதவி எண் உண்டு. 2022 முதல் இயங்கும் அவ்வெண்ணில் தமிழிலேயே பேசலாம். லயத்துக் குழாயடியில் அதைச் சுண்ணாம்பால் எழுதி வையுங்கள்.

மூன்றாவது வேண்டுகோள் சங்கத்தின் நிர்வாகிகளாகிய எங்களுக்கு நாங்களே விடுப்பது. இடையில் நின்றுபோன எந்த மாணவரின் பெயரையும், அவர் வீட்டுக்கு ஒருவர் நேரில் சென்று விசாரித்து வராமல், இனிப் பதிவேட்டிலிருந்து அடிப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். முன்பு அடிக்கப்பட்ட அந்தப் பெயரையும் மீண்டும் எழுத வேண்டும். அந்த இளைஞர் அழைப்பை ஏற்று இக்கூட்டத்திற்கு வந்திருக்கின்றார். அவர் எங்கு அமர்ந்திருக்கின்றார் என்று தேட வேண்டா. நம்மைப் போல் ஒருவராக, நமக்கு நடுவில் அமர்ந்திருக்கின்றார், அதுவே போதும்.

விழாவுக்குக் கொணர்ந்த மாலைகளுள் ஒன்றை, பெயர் தெரியாத அந்தச் செவிலியர்க்கும், அவரைப் போன்று மலைச்சரிவுகளில் மருந்துப் பையோடு ஏறியிறங்கும் பணியாளர் அனைவர்க்கும் உரியதாக்குவோம். ஐம்பதாம் ஆண்டு விழாவில் இம்மேடையில் நின்று பேசுபவர், நம் லயத்தில் பிறந்து மனநலப் பணியில் தலைநிமிர்ந்த ஒரு மகளாக இருக்க வேண்டும் என்னும் விருப்பத்தோடு எங்கள் உரையை முடித்துக்கொள்கின்றோம்.